அடிச்சட்டம் ஈரமாக இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

போனில் சொன்னால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். நேரில் சொன்னால் தோளைத் தட்டிவிட்டுக் காபி கேட்கிறாய். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மரக்கடை பில்லைத் தவிர நீளமாக எதையும் எழுதிப் பழகாதவள், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். விஷயம் ஒன்றுதான். மயிலத்துக்குப் பக்கத்தில் நீ கட்டியிருக்கிற பெண்கள் விடுதியை, தை பிறந்ததும் டிரஸ்டுக்காரர்கள் கையில் ஒப்படைக்கப் போகிறாய். ஒப்படைப்பதற்கு முன்னால் கீழ்த்தளத்துச் சுவரில் ஒன்றைத் திறந்து அதன் அடியைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் அந்தப் பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் செங்கல் சூளைக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ செய்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. குளிர்தேசத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்து, ஒலக்கூர் பக்கம் ஷெட் போட்டு, சுவர்களை நீள மேசையில் படுக்கவைத்து நீ செய்ய ஆரம்பித்தபோது நான் வாயைப் பிளந்து பார்த்தேன். மரக்கால்களை வரிசையாக அடித்து, நடுவில் வெயில் இறங்காமல் இருக்கக் கல்பஞ்சு அடைத்து, இரண்டு பக்கமும் பலகை மூடி, காற்று கசியாதபடி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஜன்னல் வரைக்கும் அங்கேயே மாட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் கிரேனால் நிறுத்தினால் வீடு. கலவை இல்லை, சாரம் இல்லை, தண்ணீர் விட்டு ஆறப்போடுகிற வேலை இல்லை. முதல் மாதிரியாக நம் திண்டிவனம் பைபாஸ் மர டிப்போவில் எனக்கு ஆபீஸ் கட்டிக்கொடுத்தாய். கத்திரி வெயிலில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் கை வைத்தால் தோல் உரியும். ஆபீஸுக்குள் காலையில் கொஞ்ச நேரம் ஏ.சி. போட்டு நிறுத்தினால் மதியச் சாப்பாடு வரைக்கும் குளிர்ச்சி நிற்கும். வாங்கவே போகாத தேக்குக்கு விலை கேட்டுக்கொண்டு லாரி டிரைவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மீட்டர் ஓடுகிறதா என்று ஈ.பி. ஆளே தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சூளைக்காரர் மட்டும், "மண்டகப்பட்டு ராஜா மரமே வேணாம்னு பாறையைக் குடைஞ்சி கோயில் கட்டுனான். உங்க புள்ள மலை பக்கத்துலயே மரப்பொட்டி கட்டறானே" என்றார். "ராஜா ஏ.சி. போடலீங்க" என்று நான் அவர் வாயை அடைத்தேன். அப்படி ஊரெல்லாம் உனக்காகப் பேசியவள் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நம் கடையில் வெள்ளிக்கிழமை என்றால் அஞ்சலை விடிந்ததும் வாசலிலிருந்து ஆபீஸ் மூலை வரைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளுவாள். நான் கடை வைத்த நாளிலிருந்து அப்படித்தான். துடைப்பது வேறு, கழுவுவது வேறு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெள்ளிக்கிழமை கடை திறக்க எனக்கு மனம் வராது. விசேஷம் என்றால் கழுவுகிறோம், தீட்டு என்றால் கழுவுகிறோம், ஊருக்குப் போய்த் திரும்பினால் பெட்டியை இறக்கியதும் கழுவுகிறோம். நீ புது ஆபீஸ் கட்டிக்கொடுத்த பிறகும் அஞ்சலை அதே வாளியோடுதான் உள்ளே போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீயும் ஒருமுறை அங்கே இருந்தாய். கால் நனையாமல் நாற்காலிக் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தாய். நம் மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் சுவரோரம் ஓடி, கொஞ்சம் வாசலுக்குப் போனது, கொஞ்சம் எங்கேயோ போனது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட பிறகு ஆபீஸுக்குள் ஒரு வாடை வந்தது. அரிசியை ஊறப்போட்டு மறந்துவிட்ட பாத்திரத்தைத் திறந்த மாதிரி. "எலி செத்துக் கெடக்குதும்மா எங்கியோ" என்றாள் அஞ்சலை. எலி வாடை எனக்குத் தெரியும், இது எலி இல்லை. இருட்டில் ஈரத்தோடு அடைபட்ட மரம் இப்படித்தான் மணக்கும். விரல் முட்டியால் சுவரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். மேலே தட்டினால் பதில் சொன்னது. முழங்காலுக்குக் கீழே பதில் இல்லை. ஏழுமலை ஆசாரியைக் கூப்பிட்டுச் சுவரோரப் பட்டியைக் கழற்றச் சொன்னேன். சுவரின் எல்லாக் கால்களும் எதன்மேல் நிற்கின்றனவோ, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற அந்த அடிச்சட்டம், அதற்கு உளியே தேவைப்படவில்லை. அவர் விரல் உள்ளே போனது. "இன்னாம்மா இது, கேப்பைக் களி மாரி இருக்குது" என்று விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் முறைத்ததும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் சோற்றுப்பானை மூடி மாதிரி வியர்த்திருந்தது. நீ பெருமையாகச் சொல்வாயே, காற்று கசியாத சுவர் என்று. உள்ளே போன தண்ணீரும் கசியவில்லை. மரம் மக்காமல் இருக்க நீ ஏற்றியிருந்த பூச்சி மருந்து உப்பு மாதிரியான மருந்து, தண்ணீர் திரும்பத் திரும்பப் பட்டால் கரைந்து போய்விடும் என்று நீயே எனக்குச் சொன்னதுதான். நீ கற்றுக்கொண்டு வந்த தேசத்தில் வீட்டுக்குள் யாரும் வாளியால் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். அங்கே வரைந்த படத்தை அப்படியே இங்கே நிறுத்திவிட்டோம்.

உடனே உனக்குப் போன் செய்தேன்.

"தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா? அம்மா, அது மாப் போடற தரைம்மா. மேனுவல்லயே போட்டிருக்கு."

"அந்த மேனுவல அஞ்சலைக்கு யார்டா படிச்சிக் காட்டுனது?"

"இப்ப இன்னா, ஒரு பேனல்தான? நானே வர்றேன். நீ யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

கடைசியாகச் சொன்னாயே, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மறுநாள் நீ வந்தாய். ஆட்களோடு சேர்ந்து நீயே சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்தாய். "அக்கா, நீங்க கழுவுன கழுவுல செவுரே குளிச்சிடுச்சி" என்று அஞ்சலையிடம் கிண்டல் செய்தாய். "சோப்பு போட மறந்துட்டேம்பா" என்று அவளும் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பழைய சட்டத்தை அறுத்தெடுத்து, புதுச்சட்டம் செருகி, ஓரப்பட்டி அடித்து, இடுக்கில் பசை பூசி, சாயங்காலத்துக்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. அறுத்தெடுத்த துண்டுகளைக் கோணியில் கட்டி உன் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனாய். நம் கடையில் குப்பை போட இடமா இல்லை? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இனிமேல் துடைத்தால் போதும் என்று அஞ்சலையிடம் இரண்டு பேருமாகச் சொன்னோம். சரி சரி என்று தலையாட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் தாமதமாக வந்தேன். தரை பளபளவென்று ஈரம், வாளி வாசலில் கவிழ்த்துக் கிடந்தது. "துடைச்சா துடைச்ச மாரியே இல்லம்மா. சாமி படம் வேற மாட்டியிருக்கு இல்ல?" என்றாள். சம்பளம் கொடுக்கிறவள் நான் எதிரில் நிற்கிற இடத்திலேயே இதுதான் நிலைமை. அங்கே விடுதியில் உன் மேனுவல் யார் கையைப் பிடிக்கும்?

உனக்கு ஞாபகம் இருக்கிறதா பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, உன் மாமா கல்யாணத்துக்கு முந்தின நாள், டிப்போவில் அடுக்கியிருந்த மரத்தின்மேல் ஏறி விழுந்தாய். யாரிடமும் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இடது கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாய். "இன்னாமா பேசறான் உங்க பையன்" என்று சம்பந்தி வீட்டில் மெச்சினார்கள். ஊர் திரும்பிச் சட்டையைக் கழற்றினால் மணிக்கட்டு நாவல்பழ நிறத்தில் இருந்தது. எலும்பு விலகி நிற்கிறது, இன்னும் விட்டிருந்தால் தப்பாகக் கூடியிருக்கும் என்று டாக்டர் இழுத்து வைத்தார். நீ போட்ட அலறல் தெருவுக்கே கேட்டது. உனக்குப் பொய் சொல்ல வராது, அது எனக்குப் பெருமைதான். ஆனால் எதையாவது மறைக்கும்போது மட்டும் நீ ரொம்ப அழகாகப் பேசுவாய். ஆபீஸ் சுவரை மாற்றின அன்றைக்கு நீ பேசிய பேச்சு அந்தக் கல்யாணப் பந்திப் பேச்சு.

உன் அப்பா மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்பு பேரம் பேசப் போவேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று எத்தனையோ பேர் ஏமாற்றப் பார்த்தார்கள். ஒரு ஆள் பெரிய வேப்பமரம் காட்டினான். கிளையைக் காட்டினான், உயரத்தைக் காட்டினான், நிழலைக்கூடக் காட்டினான். மேற்குப் பக்கம் மட்டும் அவன் கண் போகவே இல்லை. நான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெரிய பொந்து, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி மறைத்திருந்தான். அன்றிலிருந்து மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவன் கண்ணைப் பார்க்கிறேன். கார்த்திகையில் நீ என்னை விடுதிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினாயே, ஜன்னலில் இரட்டைக் கண்ணாடியைக் காட்டினாய், கூரையைக் காட்டினாய், வெப்பம் அளக்கிற கருவியைக் காட்டினாய். தரையும் சுவரும் சேருகிற இடத்தை நீ ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையை அப்படிக் கவனித்தேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கவனித்தேன்.

அதனால் போன கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் போனவள், இறங்கி வரும்போது உனக்குச் சொல்லாமல் விடுதிக்குப் போனேன். கட்டில் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. வார்டனம்மா என்னை அடையாளம் கண்டு உள்ளே அழைத்தார். நடைவழியில் ஒரு பெண் ஓஸ் பைப்பைப் பிடித்துச் சுவரோரமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் இப்படித்தானா?" என்றேன்.

"காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டிம்மா. வேலை நடந்த தூசி போவணும் இல்ல? புள்ளைங்க வந்தாலும் இப்படித்தான். எங்க ஹாஸ்டல்ல காலை வச்சா கண்ணாடி மாரி இருக்கணும்."

"மாப் போட்டாப் போதும்னு என் பையன் சொல்லலீங்களா?"

"சொன்னாருதான். ஆம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பொம்பளைப் புள்ளைங்க இருக்கிற எடத்துக்கு மாப் பத்துமாம்மா?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் அறை பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பெண் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "எம்மா, செவுரு சில்லுனு இருக்குது, நீயும் தொட்டுப் பாரேன்" என்றாள். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கி வெயிலில் கறுத்த கையால் அவள் அம்மாவும் தொட்டுப் பார்த்து, "ஏசி ரூம்ல படுக்கப்போற மகாராணி நீ" என்று மகளின் தலையில் செல்லமாகக் குட்டினாள். நானும் குனிந்து, கீழே தரையோரம் கை வைத்தேன். சில்லென்றுதான் இருந்தது. நல்ல சுவரும் சில்லென்று இருக்கும், ஊறின சுவரும் சில்லென்று இருக்கும். எது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டிப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கினேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கிவிட்டேன்.

திரும்பும்போதுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். நடைவழிக் கோடியில் இருக்கிற அறைக் கதவு. இழைப்புளி போட்ட தடம் புதிதாக இருந்தது, பெயிண்ட்கூட அடிக்கவில்லை. மழைக்காலத்தில் கதவு ஊதும், அது எனக்குத் தெரியாததா? ஊதின கதவு பக்கவாட்டில் பிடிக்கும். இது மேல் விளிம்பில், அதுவும் ஒரு மூலையில் மட்டும் இழைக்கப்பட்டிருந்தது. அடிச்சட்டம் அமுங்கி, மேலே இருக்கிற கட்டை ஒரு பக்கம் இறங்கினால்தான் கதவு அங்கே பிடிக்கும். யார் இழைத்தது என்று கேட்டேன். "உங்க பையன்தாம்மா. இறுக்கமா இருக்குதுன்னு போன் பண்ணதும் ஜல்தியா வந்து அவரே இழைச்சிக் குடுத்துட்டுப் போனாரு. தங்கமான புள்ள" என்றார் வார்டனம்மா. ஷெட்டில் அத்தனை ஆசாரிகள் இருக்கும்போது என்ஜினீயர் தானே இழைப்புளி எடுத்துக்கொண்டு வந்தானா? அதுவரைக்கும் நீ பயந்துபோய்ப் பார்க்காமல் இருக்கிறாய், சொன்னால் புரிந்துகொள்வாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் இறங்குவது தெரிந்தே மறைக்கிறாய் என்பது அங்கேதான் புரிந்தது.

அன்றைக்கே உன்னை டிப்போவுக்கு வரச்சொல்லி, விடுதியிலும் அடிச்சட்டம் ஊறிவிட்டதா என்று கேட்டேன். நீ மறுக்கவில்லை, அந்த மட்டும் நல்லது.

"தையில குடுக்கலன்னா பேரு போயிடும்மா. இதுக்கப்புறம் எவன் நம்பளுக்கு ஆர்டர் குடுப்பான்? மே மாசம் லீவுல புள்ளைங்க வூட்டுக்குப் போனதும் ஒவ்வொரு செவுராத் தூக்கி, அடியில சிமெண்டுத் திண்டு கட்டி, அதுமேல மரத்த வச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

"அதுவரைக்கும்?"

"ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னு எந்த மேனுவல்லடா போட்டிருக்கு, நைனா?"

"நீ மரம் விக்கறவ. நான் கட்டடம் கட்டறவன். பேஜாரு பண்ணாதம்மா."

சரி, நான் மரம் விற்கிறவள்தான். அந்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காய்ந்த நல்ல மரம் உடைவதற்கு முன்னால் முனகும், கீறல் விடும், சத்தம் போடும். ஆட்கள் ஓடித் தப்பிக்க நேரம் கொடுக்கும். ஊறி மக்கின மரம் சத்தம் போடாது. கடைசி நிமிஷம் வரைக்கும் பெயிண்டைச் சுமந்துகொண்டு நல்ல சுவர் மாதிரியே நின்றுகொண்டிருக்கும். மேல்தளத்தில் இரும்புக் கட்டில்கள் இரண்டடுக்காக நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெட்டி, ஒரு பிள்ளை. அத்தனை பாரமும் இறங்கி நிற்பது தினம் இரண்டு வேளை ஓஸ் பைப் நனைக்கிற அந்தச் சட்டத்தின்மேல். மே மாதம் வரைக்கும் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின்மேல் அடுத்தவர் பிள்ளையைப் படுக்கவைக்கிற உரிமை நம் இரண்டு பேருக்கும் இல்லை.

பேர் போகும் என்கிறாய். போகும்தான். சூளைக்காரர் பைபாஸில் நின்று சிரிப்பார். டிரஸ்டுக்காரர்கள் கத்துவார்கள். ஆனால் சாவி கைமாறுவதற்கு முன்னால் நீயே திறந்து காட்டினால், இந்த ஊர் தரையைக் கழுவுகிற ஊர் என்பதை மறந்துவிட்டேன், அடியில் திண்டு கட்டி நிறுத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். உன் வேலையில் வேறு குறை இல்லை. திண்டின்மேல் ஏற்றி நிறுத்து, தண்ணீர் வடிய வழி விடு, அந்தச் சுவர் உனக்குப் பின்னாலும் நிற்கும். மூடி மறைத்து, பிறகு ஒருநாள் அது தானாகத் திறந்துகொண்டால், இந்த ஜில்லாவில் மரச்சுவர் என்ற பேச்சை எடுத்தாலே கல்லால் அடிப்பார்கள். உன் ஷெட்டில் வேலை செய்கிற ஆட்களும் அதோடு போய்விடுவார்கள். உன்னைப் பார்க்க நான் எந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதை எழுத என் கை வரவில்லை.

இதற்குமேல் உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. டிரஸ்ட் பெரியவருக்குப் போன் செய்து, வியாழக்கிழமை காலையில் விடுதிக்கு வரச்சொல்லியிருக்கிறேன். "இன்னாம்மா விசேஷம்?" என்று கேட்டார். "வந்து பாருங்க, என் பையன் ஒண்ணு காட்டுவான்" என்று மட்டும் சொன்னேன். அதுவரைக்கும் கட்டிலில் யாரையும் படுக்கவைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவர் குரல் மாறியது. எனக்குக் கேட்டது. இந்தக் கடிதத்தின் ஒரு நகலை, நம் பெயரும் அவர்கள் பெயரும் இல்லாமல், மர வியாபாரிகள் சங்கத்து மலருக்கும் கொடுக்கப் போகிறேன். உன்னை மாதிரி சுவர் செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகள் இன்னும் வருவார்கள், அவர்களும் வாளியை நினைத்துக்கொண்டு படம் வரையட்டும்.

வியாழக்கிழமை நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். ஏழுமலை ஆசாரியும் உளியோடு வருகிறார். அந்தக் கோடி அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரைத்தான் திறக்கப் போகிறோம். பெரியவர் வந்து நிற்கும்போது அந்த உளியை உன் பக்கம் நீட்டச் சொல்லியிருக்கிறேன். நீ வாங்கிக்கொண்டால், சுவரில் இருப்பது நீ கண்டுபிடித்ததாக இருக்கும். நீ வாங்காவிட்டால் நான் வாங்கிக்கொள்வேன். அப்போது அது நீ மறைத்ததாக இருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வா.

அம்மா